சேற்றில் ஓடும் சைக்கிள்

நம்ம பக்கத்துக் களிமண்ணில் ஐப்பசி மழைக்கு நடுவே சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வழுக்கி விழுவதைவிட வண்டி நின்றுபோவதுதான் அதிகம். மண் டயரைச் சுற்றி அப்பிக்கொண்டு மட்கார்டுக்குள் போய் இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் சுற்றாது.

1980களில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. காலை ஷிஃப்ட் 6 மணிக்கு. பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போச்சு. கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து ஜி.என்.டி. ரோடு வரை ஒன்றரை கிலோமீட்டர் வண்டிப்பாதை. ரோடு ஏறிவிட்டால் கவலை இல்லை. நாங்கள் நாலு பேர் இருட்டோடு கிளம்புவோம். யார் முதலில் ரோடு ஏறுவது என்று தினமும் போட்டிதான், பரிசு மட்டும் கிடையாது.

நாலு பேரில் ஒருவன் ஐப்பசி பிறந்ததும் இரண்டு மட்கார்டையும் கழற்றிப் பரணில் போட்டுவிடுவான். முதுகு, தலை எல்லாம் சேறு தெறிக்கும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு அரை நாள் சம்பளம் என்பது வீட்டில் அரிசி. அதனால் சிரிப்பைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. நாங்கள் கேரியரில் செருகிய குச்சியை எடுத்து மண்ணை நோண்டிக்கொண்டிருப்போம், அவன் ரோட்டில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருப்பான். டயரில் காற்றையும் கொஞ்சம் இறக்கிவிடுவான். வாய்க்கால் ஓரம் உளையாக இருக்கும் இடத்தில் மிதிக்கவே மாட்டான். இருபது கிலோ வண்டியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவான்.

இதெல்லாம் ஏன் நினைவுக்கு வந்தது என்றால், டோக்கியோ ஒலிம்பிக்கின் மலை சைக்கிள் பந்தயத்தைப் பேரன் போனில் காட்டினான். 1996 அட்லாண்டாவிலிருந்தே ஒலிம்பிக்கில் இருக்கிற போட்டியாம். 2021 ஜூலை 27, இஸு என்ற இடத்தில் பெண்கள் பந்தயம். மழை பெய்து பாதை முழுக்கச் சகதி. முதல் சுற்றிலேயே பிரான்ஸின் ஃபெரான் பிரேவோ பாறையில் வழுக்கி விழுந்தார். முந்திப்போன ஸ்விட்சர்லாந்தின் யோலாண்டா நெஃப் கடைசிவரை யாரையும் நெருங்க விடவில்லை. அதற்குச் சில வாரம் முன்புதான் அவருக்குக் கை எலும்பு முறிந்திருந்தது! அன்று மூன்று பதக்கமும் ஸ்விட்சர்லாந்துக்கே.

நான் வண்டியைத்தான் உற்றுப் பார்த்தேன். மட்கார்டு கிடையாது. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மண் தங்காமல் விழ நல்ல இடைவெளி. சேற்றுக்கென்றே வரும் டயரில் முட்கள் தள்ளித் தள்ளி இருக்குமாம், சுற்றும்போதே மண் உதிர்ந்துவிடும். காற்றும் குறைவாகத்தான் வைப்பார்களாம், டயர் பரந்து மண்ணைப் பிடிக்க. பிரேக் சக்கரத்தின் நடுவில், தட்டில் பிடிக்கிறது. நம்ம பிரேக் கட்டை ரிம்மில் உரசும், சேறு பட்டால் பிடிக்காது, ஒரு மழைக்காலத்துக்குள் தேய்ந்தும் போகும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் போட்டியே கேரளத்துப் பொன்முடியில் நடந்தது.

இஸு வீடியோவை அந்த நண்பனுக்கு அனுப்பினேன். மூட்டு வலியால் இப்போது அவன் சைக்கிள் தொடுவதில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது. யார் ஜெயித்தது என்று கேட்கவில்லை. "டேய், ஒருத்திகிட்டயும் மட்கார்டு இல்லை, பார்த்தியா?" என்றான்.