பேருதான் பை... ஆனா கேக்!

பேரு பாஸ்டன் க்ரீம் பை. ஆனா, சத்தியமா அது பை இல்லீங்க... கேக்! ரெண்டு அடுக்கு ஸ்பாஞ்ச் கேக், நடுவில் கெட்டி கஸ்டர்ட், தலையில் வழவழன்னு சாக்லேட். அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளில் பை தட்டுதான் அதிகம் புழங்குமாம். கேக்கையும் அதிலேயே ஊற்றிச் சுட்டதால், பேரும் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள்.

செமஸ்டர் லீவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பாஸ்டனுக்குத் தெற்கே, குயின்ஸி. "ஊரைக் காட்டறேன் வாடா" என்று ரெட் லைன் ரயிலில் ஏற்றி, பார்க் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறக்கினாள். கூடவே நடந்தேன், சரியாகப் பேசவில்லை. இரண்டு வருஷம் முன்பு தாத்தா இறந்தபோது அவள் ஊருக்கு வரலை. அந்தக் கோபமும் என்னோடு ஃப்ளைட் ஏறி வந்திருந்தது.

ட்ரெமான்ட் தெருவும் ஸ்கூல் தெருவும் சேரும் முனையில் இருக்கிறது பார்க்கர் ஹவுஸ் ஓட்டல். 1855-ல் திறந்தது. 'இந்தக் கேக் பிறந்ததே எங்க கிச்சன்லதான்' என்பது அவர்கள் பெருமை. ஹோ சி மின் இளம் வயதில் இங்கே பேக்கரியில் வேலை பார்த்தார் என்றும் சொல்கிறார்கள். 1996-ல் மாசசூசெட்ஸ் இதை மாநிலத்தின் அதிகாரபூர்வ இனிப்பாக அறிவித்தது. யோசனை கொடுத்தது ஸ்கூல் பசங்க! (திருநெல்வேலி பசங்களா, அல்வாவுக்கு ஒரு மனு போடுங்கப்பா.)

ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். "வீட்லயே பண்ணிப் பாக்கலாமா?" என்றாள் அக்கா.

அன்று ராத்திரியே ஆரம்பம். மாவைக் கலக்கி, அவனில் 180 டிகிரி வைத்தேன். அரை மணி நேரமாச்சு... மாவு மாவாகவே இருக்கு! அமெரிக்க அவன், ஃபாரன்ஹீட்டாம். 180 என்றால் வெறும் 82 செல்சியஸ். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் நான் வாங்கிய மார்க்கும் 82. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். புதுசாக மாவு கலக்கி, 350-ல் வைத்தோம்.

அடுத்து கஸ்டர்ட். பவுடர் சமாசாரம் இல்லை. பால், சர்க்கரை, முட்டை மஞ்சள் கரு, சோள மாவு. கெட்டியானதும் இறக்கிவிடக் கூடாது, ஒரு நிமிஷமாவது கொதிக்கணும். இல்லைன்னா மஞ்சள் கருவில் இருக்கும் நொதி மாவைக் கரைத்து, பிற்பாடு தண்ணியாக்கிவிடும். அதுவரை கிண்டிக்கிட்டே இருக்கணும். அடுப்பை விட்டு ரெண்டு பேருமே நகர முடியாது.

அப்பதான் சொன்னாள். "டிக்கெட் புக் பண்ணிட்டேன்டா. அந்த நேரம் விசா ஸ்டாம்பிங் கிடைக்கலேன்னா திரும்ப வர முடியாது. படிச்ச லோனு அப்பா பேர்ல. கேன்சல் பண்ணிட்டு, இதே கிச்சன்லதான் உக்காந்து அழுதேன்."

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?"

"போன்ல சொன்னா சாக்குப் போக்கு மாதிரியே இருந்துச்சுடா..."

எனக்குப் பதில் வரலை. கரண்டியை வாங்கி நான் கிண்டினேன். அடி லேசாகப் பிடித்துவிட்டது.

எல்லாம் ஆறி, அடுக்கி, மேலே சாக்லேட் ஊற்றும்போது மணி ஒன்று. மேல் அடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்தது. கஸ்டர்டில் கொஞ்சம் தீஞ்ச வாசம். முதல் துண்டை வெட்டித் தனியாக ஒரு தட்டில் வைத்தாள் அக்கா.

"யாருக்கு?"

"சுகர் வச்சுக்கிட்டு திருட்டு லட்டு தின்னவருக்கு."

காலையில் அந்தத் துண்டையும் நான்தான் சாப்பிட்டேன்.