கதவுக்கு வெளியே நின்ற நிருபர்



யாழ்ப்பாணத்தில் நான் சிறுமியாக இருந்த நாட்களில், சேப்பாக்கத்தில் துடுப்பாட்டம் நடைபெற்றால் எங்கள் வீட்டில் சென்னை வானொலி ஒலிக்கும். அப்துல் ஜப்பார் அவர்களின் தமிழ் வர்ணனையைக் கேட்டே ஆட்டத்தின் விதிகளைக் கற்றேன். பெண்குரலில் அத்தகைய வர்ணனை எதனையும் கேட்டதாக நினைவில்லை. அன்று அது எவருக்கும் ஒரு குறையாகத் தோன்றவுமில்லை.

என் மகளுக்குத் தோன்றுகிறது. அவள் லாச்சப்பலில் வளர்ந்தவள். ஸ்டாட் து பிரான்ஸ் மைதானத்திற்குத் தொடருந்தில் சில நிமிடங்களில் போய்விடலாம். சென்ற ஆண்டு ஒரு பேச்சுப் போட்டியில், தான் விளையாட்டு நிருபராக விரும்புவதாகக் கூறினாள். மண்டபத்தில் சிரிப்பொலி எழுந்தது. பின்னர் ஒரு பெரியவர் என்னிடம், “தங்கச்சி, பொம்பிளைப் பிள்ளை ஆம்பிளையள் உடுப்பு மாத்திற இடத்துக்கெல்லாம் போய் நிக்கிறதோ?” என்று வினவினார். பரிவோடுதான் வினவினார். அவருக்கு விடை கூறுவதற்காகத் தேடி வாசித்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

வட அமெரிக்காவில் ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் சென்று செவ்வி காண்பது நெடுங்கால வழக்கம். பத்திரிகை நள்ளிரவில் அச்சேற வேண்டும். வெற்றி பெற்றவனின் சூடான சொல் அங்கேதான் கிடைக்கும். ஆண் நிருபர்கள் உள்ளே செல்வர். பெண் நிருபர் வெளியே காத்திருப்பார். 1975 ஜனவரி 21 அன்று, இன்று நம்மவர் பலர் வாழும் மொன்றியல் நகரில், பனித்தடி ஆட்ட நட்சத்திரப் போட்டியின் முடிவில் ரொபின் ஹேர்மன், மார்செல் சான் சீர் என்னும் இரு பெண்கள் முதன்முறையாக அவ்வறைக்குள் அனுமதிக்கப்பட்டனர். அன்று ஏனைய நிருபர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவ்விருவரையே படம்பிடித்தார்களாம்!

ஆயினும் வழக்கு மன்றம் வரை சென்றவர் மெலிசா லட்கி. ‘ஸ்போர்ட்ஸ் இலஸ்ரேட்டட்’ சஞ்சிகையின் நிருபர். 1977ஆம் ஆண்டு நியூயோர்க் யாங்கீஸ், லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் அணிகள் மோதிய பேஸ்போல் இறுதித் தொடரில், டொட்ஜர்ஸ் வீரர்கள் தமக்குள் வாக்கெடுத்து, அவர் உள்ளே வரலாம் எனச் சம்மதித்திருந்தனர். ஆட்டத்தின் ஆணையாளர் அலுவலகமோ மறுத்துவிட்டது. ஒக்டோபர் 18 அன்று ரெஜி ஜாக்சன் மூன்று தொடர் வீச்சுகளில் மூன்று ‘ஹோம் ரன்’ அடித்து வரலாறு படைத்தார். உள்ளே ஆண் நிருபர்கள் அவரைச் சூழ்ந்து நின்றனர். லட்கியோ நெரிசல் மிகுந்த நடைபாதையில் நின்றார்.

வழக்கை விசாரித்தவர் கொன்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. அமெரிக்க மத்திய நீதிமன்றத்தின் முதற் கறுப்பினப் பெண் நீதிபதி. யாங்கீஸ் மைதானம் நியூயோர்க் மாநகரின் சொத்து, அணி அதனைக் குத்தகைக்கே பெற்றிருந்தது; ஆகவே அங்கு அரசியலமைப்பின் சமத்துவ விதி செல்லும் என்றார். 1978 செப்டெம்பர் 25 அன்று லட்கிக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது.

பெரியவரின் வினாவிற்கு விடையும் அத்தீர்ப்பிலேயே உண்டு. வீரர்களின் மானத்தைக் காக்கவே தடை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. துவாயைக் கட்டிக்கொள்ளலாமே, தடுப்புக்குத் திரை போடலாமே என்று நீதிபதி சுட்டினார். அதே தொடரில் தொலைக்காட்சிக் கமராக்கள் அவ்வறைக்குள் சென்றிருந்தன. ஊரே பார்க்கும் கமராவிற்குத் திறந்த கதவு, குறிப்பேடு ஏந்திய ஒரு பெண்ணுக்கு மட்டும் மூடியிருந்ததென்றால், மானம் என்பது சாட்டு என்றே நான் கருதுகின்றேன்.

இங்கு பிரான்சின் உதைபந்தாட்டத்தில் வீரர்கள் பெரும்பாலும் தடுப்பு வேலியிட்ட ஒரு வழியால் நடந்து வருவர். நிருபர்கள் வேலிக்கு இப்பால் நின்று பேசுவர். ஆகையால் பெரியவர் அஞ்சிய சங்கடமே இங்கு எழுவதில்லை. அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? 2021 மார்ச்சில் மரி போர்த்தோலானோ, கியோம் பிரியுவுடன் இணைந்து ஓர் ஆவணப்படம் எடுத்தார். கனால் பிளஸ் ஒளிபரப்பியது. அதன் தலைப்பில் ஒரு வசைச்சொல் உள்ளது. பிள்ளைகள் வாசிக்கும் மலராதலால் அதனை எழுதவில்லை. அவ்வசை பெண் நிருபர்கள் நாள்தோறும் கேட்பது என்பதே படத்தின் பொருள். அலுவலகத்தில் இழிசொற்கள், இணையத்தில் மிரட்டல்கள், ‘உனக்கு ஆட்டம் விளங்குமா’ என்னும் ஏளனம் ஆகியவற்றைப் பலர் முகம் காட்டியே கூறினர். அதே வேளையில் ஏறத்தாழ நூற்றைம்பது பெண்கள் கையொப்பமிட்ட அறிக்கை ‘லு மொந்த்’ நாளிதழில் வெளிவந்தது. கதவு திறந்தபின்னும் உள்ளே நாற்காலி கிடைக்கவில்லை என்பதே அவர்களின் முறைப்பாடு.

இவற்றையெல்லாம் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பயந்துவிடுவாளோ என்றிருந்தது. அவளோ, லட்கி அன்றிரவு நடைபாதையில் நின்றுகொண்டே என்ன எழுதினார் என்று கேட்டாள். லீல் நகரின் ஊடகவியல் உயர்கல்லூரியில் விளையாட்டு ஊடகவியலுக்கெனத் தனிப் பயிற்சி உண்டென்பதையும் அவளே கண்டுபிடித்தாள். நுழைவுத் தேர்வு கடினமாம். விண்ணப்ப விபரங்களை அச்செடுத்து, அடுப்படி மேசையில் என் கண்ணிற் படும்படி வைத்திருக்கின்றாள்.