மஞ்சள் சுவரில் ஒரு சனிக்கிழமை

டோர்ட்மண்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஜெர்மனிக்காரர்களே கேட்பார்கள். கொலோனுக்குப் பேராலயமும் ரைன் நதியும் இருக்கின்றன. ரூர் பகுதியின் இந்தத் தொழில் நகரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. நிலக்கரி, இரும்பு, பியர் மூன்றும்தான் ஊருக்கு நெடுங்காலம் சோறு போட்டவை. ஊரின் கடைசிச் சுரங்கம் 1987இல் மூடப்பட்டது. ஃபீனிக்ஸ் இரும்பு ஆலையைச் சீன நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றிக் கப்பலேற்றிக்கொண்டு போனது. ஆலை நின்ற இடத்தில் இன்று ஏரி. கரையெங்கும் விலை உயர்ந்த வீடுகள். இத்தனையும் போன பிறகும் ஊரை விட்டுப் போகாதது கால்பந்து. அதைப் பார்க்கத்தான் போனேன்.

முதலில் போர்சிக் சதுக்கத்துக்குப் போனேன். பல தெருக்கள் வந்து கூடும் வட்டச் சந்தி அது. சுற்றிலும் பழைய தொழிலாளர் குடியிருப்புகள், ரொட்டிக் கடைகள், துருக்கிய உணவகங்கள். 1909 டிசம்பர் 19 அன்று, இந்தச் சந்தியை ஒட்டிய மதுக்கடை ஒன்றின் மாடியறையில் தேவாலய இளைஞர்கள் சிலர் கூடினார்கள். பந்து விளையாடுவது பாதிரியாருக்குப் பிடிக்கவில்லை. அவர் தடுக்கத் தடுக்க அன்று அவர்கள் தொடங்கியதுதான் பொருசியா டோர்ட்மண்ட். பட்டம் வென்றால் வீரர்களின் ஊர்வலம் இன்றும் இந்தச் சந்திக்குத்தான் வருகிறது.

ஆட்டம் சனிக்கிழமை மாலை மூன்றரைக்கு. நம்மூரில் அப்போது இரவு ஏழு, குளிர்காலமானால் எட்டு. அந்த நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து பல வருடங்கள் நான் பார்த்த மைதானம் இது. மத்திய ரயில் நிலையத்திலிருந்து சுரங்க ரயில் பிடித்தேன். பெட்டி முழுக்க மஞ்சளும் கறுப்பும். கைக்குழந்தையின் தொப்பி மஞ்சள், ஊன்றுகோலோடு வந்த பாட்டியின் கழுத்துத் துண்டு மஞ்சள். எதிரணியான மைன்ஸின் சிவப்புச் சட்டைக்காரர்களும் அதே பெட்டியில் பியர் புட்டியோடு நின்றுகொண்டிருந்தார்கள். முறைப்பு இல்லை, வம்பு இல்லை.

வெளியே வந்ததும் கூரையைத் தாங்கும் மஞ்சள் கம்பங்கள் மரங்களுக்கு மேலே தெரிந்தன. 1974 உலகக் கோப்பைக்காகக் கட்டிய அரங்கம் இது. கொலோன் நகரம் பின்வாங்கியதால்தான் டோர்ட்மண்டுக்கு வாய்ப்பு வந்தது. கையில் பணம் குறைவு, அதனால் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டினார்கள். பிறகு மேலும் மேலும் விரிவாக்கி, இன்று 81,365 பேர் கொள்ளும் ஜெர்மனியின் மிகப் பெரிய கால்பந்து அரங்கமாக நிற்கிறது.

நண்பர் ஒருவர் தன் சீசன் டிக்கெட்டை அன்றைக்கு மட்டும் எனக்குக் கொடுத்திருந்தார். தெற்கு கேலரி. நின்றபடிதான் ஆட்டம் பார்க்க வேண்டும். படியேறி உள்ளே நுழைந்தவுடன் தலை கிறுகிறுத்தது. அவ்வளவு செங்குத்து. முன்னால் நிற்பவரின் தலை என் இடுப்பளவில் இருந்தது. இந்த ஒரே கேலரியில் 24,454 பேர் நிற்கலாம். ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய நிற்கும் கேலரி கிடையாது. உலகம் இதை மஞ்சள் சுவர் என்கிறது.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஓய்வுபெற்ற இரும்பு ஆலைத் தொழிலாளி. அவர் மகள் எங்களுக்கு நடுவே மொழிபெயர்த்தாள். “சென்னையிலிருந்தா? இதுக்காகவா?” என்று கேட்டுவிட்டு என் தோளில் கை போட்டுக்கொண்டார். அவருடைய அப்பா நின்று பார்த்தது பக்கத்திலேயே இருக்கும் ரோட்டே எர்டே என்ற பழைய மைதானத்தில். 1926இல் திறந்த அந்த மைதானத்தில்தான் அணி 1974 வரை ஆடியது. மகன் நிற்பது இங்கே. அடுத்த முறை மகள் தன் பிள்ளையைக் கூட்டி வரப் போகிறாளாம்.

முதல் கோல் விழுந்தபோது நடந்ததை டிவியில் ஒருநாளும் நான் உணர்ந்ததில்லை. காலடியில் கான்கிரீட் அதிர்ந்தது. மேலேயிருந்து பியர் மழையாகக் கொட்டியது. முன்பின் தெரியாத நாலைந்து பேர் என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் கோல் அடித்தவரின் முதல் பெயரைச் சொல்ல, அரங்கமே அவருடைய குடும்பப் பெயரை முழங்கியது. அறிவிப்பாளர் நோர்பர்ட் டிக்கல், 1989 ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர். முழங்கால் காயத்தால் ஆட்டத்தை விட்டவரை இந்த ஊர் மைக்கின் முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டது.

இங்கே நிற்க ஒரு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 20 யூரோ. இங்கிலாந்தின் பெரிய கிளப்புகளில் இந்த விலைக்கு டிக்கெட் கிடைப்பது அரிது. 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் 97 உயிர்களைக் கொன்றது. அதன் பிறகு இங்கிலாந்தின் மேல்நிலை லீக்குகளில் எல்லோரும் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்றாயிற்று. விலையும் ஏறிக்கொண்டே போனது. ஜெர்மனியில் ரசிகர்கள் நிற்கும் உரிமையை விடவில்லை. கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. கேலரியை இருக்கைகளாக்கி விலையைக் கூட்டினால் கிளப்புக்கு இன்னும் வருமானம் வரும். செய்யவில்லை. 2005இல் கடனில் மூழ்கி, கிளப்பே இருக்குமா என்ற நிலை வந்தபோதும் இந்தச் சுவர் கலையவில்லை. 2011, 2012 என்று அடுத்தடுத்து லீக் பட்டமும் வந்தது. ஏழைத் தொழிலாளி வளர்த்த விளையாட்டில் ஏழைக்கு இடம் வைத்திருப்பதுதான் நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இடைவேளையில் பெரியவர் 2016 மார்ச்சில் நடந்ததைச் சொன்னார். அன்றும் மைன்ஸோடுதான் ஆட்டம். பார்வையாளர் ஒருவர் மாரடைப்பால் இறந்த செய்தி கேலரியில் பரவியது. பாட்டு, முரசு எல்லாம் நின்றன. இரண்டாம் பாதி முழுவதும் எண்பதாயிரம் பேர் வாய் திறக்கவில்லை. கோல் விழுந்தபோதும் கொண்டாடவில்லை. கடைசியில் துண்டுகளை உயர்த்திப் பிடித்து, ‘யூ’ல் நெவர் வாக் அலோன்’ பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். லிவர்பூலின் பாட்டாக உலகம் அறிந்ததை இந்த ஊரும் தன் பாட்டாகப் பாடுகிறது. சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. செய்தியாக நான் படித்திருந்த சம்பவம்தான். அங்கே நின்ற ஒருவர் சொல்லக் கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது.

ஜெர்மனி போகிறவர்கள் ஒரு சனிக்கிழமையை டோர்ட்மண்டுக்கு ஒதுக்குங்கள். தெற்கு கேலரி டிக்கெட் பெரும்பாலும் சீசன் டிக்கெட்காரர்கள் கையில் இருக்கும். கிடைக்காவிட்டால் எதிரே வடக்கு கேலரியில் வாங்குங்கள், அங்கிருந்துதான் சுவர் முழுதாகத் தெரியும். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள். சுவர் நிறைவதையும் பார்க்க வேண்டும்.