பதர் ஒட்டிய கூரை

டர்பன்டைன் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு மாமா வீட்டுத் திண்ணைதான் நினைவுக்கு வரும். மாமா டிராயிங் மாஸ்டர். 1978 பொங்கல் விடுமுறையில், களத்தை ஒட்டியிருந்த கீற்றுக் குடிசையை ஆயில் பெயின்டில் வரைய உட்கார்ந்தார். எனக்கு 9 வயது. பிரஷ் துடைப்பது என் வேலை.

காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வஜ்ரம் காய்ச்சித் தடவி, மேலே வெள்ளை பூசி முன்பே காயவைத்திருந்தார். திண்ணைச் சுவரில், பழைய புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டிய ஒரு படம். ஓடைக்குள் நிற்கும் வண்டி, இடப்பக்கம் ஒரு வீடு. ஜான் கான்ஸ்டபிள் 1821இல் வரைந்த ‘வைக்கோல் வண்டி’.

“அவரு வெளியில உக்காந்து சின்னச் சின்னதா வரைஞ்சுக்கிட்டு, லண்டன்ல அறைக்குள்ள வெச்சுத்தான் இதைப் பெரிசா வரைஞ்சார்டா. நமக்கு ஏது அறை?”

இறவாரத்து நிழலுக்கு நான் கறுப்பு ட்யூபை எடுத்து நீட்டினேன்.

“நிழல் கறுப்பாவா இருக்கு? நல்லா பாரு.”

பார்த்தேன். நீலம் ஏறிய சாம்பல். அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னாவைக் குழைத்தார். தட்டில் அந்த நிழல் வந்து உட்கார்ந்தது. நான் வாயைப் பிளந்தேன்.

மறுநாள் அவர் காப்பி குடிக்க உள்ளே போன நேரம், கூரையைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டிக்கொண்டது. வந்தவர் என் விரலைப் பார்த்தார், திட்டவில்லை.

“ஆளிவிதை எண்ணெய்டா. தண்ணி மாதிரி ஆவியாப் போகாது. காத்தைக் குடிச்சு மெதுவாத்தான் இறுகும். அதான் அடியில மெலிசா, மேல போகப் போக எண்ணெய் கூட்டிப் பூசணும். மாத்திப் பூசினா வெடிச்சுடும்.”

மூன்றாம் நாள் களத்தில் நெல் தூற்றினார்கள். காற்று சட்டென்று திரும்பியது. பறந்து வந்த பதர் ஈரக் கூரையில் போய் ஒட்டியது. நான் அழுதேவிட்டேன். மாமா ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு தலையைத் தூக்கிக் குடிசையைப் பார்த்தவர், ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கூரையிலும் பதர்தான் கிடந்தது.

குடிசை இருந்த இடத்தில் இப்போது மாடிவீடு. மாமாவும் இல்லை. படம் என்னிடம் இருக்கிறது. கூரையைத் தடவினால் இரண்டு பதர் விரலில் நெருடும். பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். அதை அவர் கடைசிவரை சரிசெய்யவில்லை. என் சுண்டுவிரல்கூட இன்று அதில் அடங்காது.