உச்சமுனையில் கரையேறியவர்கள்

1990 ஒக்ரோபர் கடைசியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார் தீவில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரு குடும்பம் 2,000 ரூபாவும் ஒரு பவுண் நகையும் கொண்டுபோகலாம் என்பது கட்டளை. தரைவழி போர் வலயம். கடல்தான் மிச்சம். எருக்கலம்பிட்டியிலிருந்து கற்பிட்டிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல். மாரி தொடங்கும் காலம்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. கற்பிட்டிக்குப் போகும் வள்ளங்களில் எஞ்சின் நின்றவையும் தண்ணீர் ஏறியவையும் எங்கள் உச்சமுனைக் கரையில் ஒதுங்கின. வாப்பாவும் ஊர் ஆண்களும் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிப் பிள்ளைகளைக் கைமாற்றினார்கள். மீன் பிடிக்கிற வள்ளத்தில் ஒரு தெருவே அடைந்து வந்திருந்தது. வழியில் இறந்த கைக்குழந்தையைக் கீழே விட மறுத்த தாய் ஒருத்தியும் வந்தாள்.

அவர்களோடு வந்த ஒரு நேர்ஸும் விரட்டப்பட்டவர்தான். சேலை நனைந்து ஒட்டியிருந்தது. உம்மா மாற்றுடுப்பு நீட்டினார். வாங்கி ஒரு கிழவிக்குப் போர்த்திவிட்டு அடுப்பு எங்கே என்று கேட்டார். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கரைத்துக் காட்டிவிட்டுக் கரண்டியை என் கையில் தந்தார்.

“மகள், கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. ஒரேயடியாக் குடுத்தா சத்தி எடுத்திரும்.”

விடிய விடியக் கொடுத்தேன். வள்ளத்தின் அடியில் மண்ணெண்ணெயும் உப்புத் தண்ணீரும் கலந்து தேங்கியதில், அதற்குள்ளேயே உட்கார்ந்து வந்த பெண்களுக்குத் தொடைத் தோல் வெந்திருந்தது. ஆண்களுக்கு முன்னால் சொல்ல வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்தார்கள். நேர்ஸ்தான் ஒவ்வொருவராகக் கேட்டறிந்து, மறைப்புக் கட்டி, நல்ல தண்ணீரால் கழுவிவிட்டார்.

ஓட்டிகளின் உள்ளங்கை கயிறு அறுத்துப் பிளந்திருந்தது. அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், கத்தோலிக்கரும் இருந்தார்கள். ஒருவர் கையைக் காட்டவே மறுத்தார்.

“கட்டு ஈரத்தில நிக்காது மிஸ்ஸி. இன்னும் ஆக்கள் கரையில நிக்கிறாங்க.”

நேர்ஸ் வாதாடவில்லை. துணியைக் கிழித்துச் சுற்றி, மேலே சொப்பிங் பையை இறுக்கிக் கட்டி அனுப்பினார். அந்த ஓட்டி எண்ணெய் ஊற்றிக்கொண்டு வடக்கே திரும்பினார்.

பிறகு அந்தச் சனங்கள் கற்பிட்டி, புத்தளம் பகுதிகளில் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தென்னந்தோட்டத்துக் கிடுகுக் கொட்டில்களிலும் வாழ்ந்தார்கள். தற்காலிகம் என்றார்கள். முகாமிலேயே பிறந்தவர்கள் முகாமிலேயே பிள்ளை பெற்றார்கள். 2002இல் புலிகள் வருத்தம் தெரிவித்தார்கள். வருத்தம் வீட்டைத் திருப்பித் தரவில்லை.

விரட்டியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பத் திரும்பக் கடலில் இறங்கியவர் யார், கூலி கேட்காமல் புண் கழுவியவர் யார் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. சீருடையும் பதக்கமும் இல்லாத அவர்களைத்தான் நான் அந்தப் போரின் மாலுமிகள் என்றும் தாதிகள் என்றும் சொல்வேன். உங்கள் குடும்பம் அந்த வள்ளங்களில் வந்ததென்றால், ஓட்டி யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். கேட்ட பெயரை எழுதி வையுங்கள்.