பெயர் மறந்த பின்னும்

நினைவிழந்த முதியோரைக் காணச் செல்லும் நாம், ‘நம்மை அடையாளமே தெரியவில்லை, இனி வந்து என்ன பயன்?’ என்று சோர்ந்து திரும்புகிறோம். மூளையின் இயல்பை அறிந்தால் அவ்வாறு எண்ணமாட்டோம்.

‘இவர் இன்னார்’ என்று அறிய உதவுவது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி. 2014-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுண்டெலிகளில் அதன் சி.ஏ.2 என்னும் சிறு கூற்றைச் செயலிழக்கச் செய்தனர். அவற்றின் பிற நினைவுகள் பெரிதும் குன்றவில்லை. பழகிய எலியை மட்டும் அவை அறியவில்லை.

ஆனால், பழகியவர் மறந்துபோனாலும் பழகிய விதம் முற்றும் மறைவதில்லை. புதிய நினைவு தங்காத ஒரு பெண்மணியின் கையைக் குலுக்கியபோது, சுவிட்சர்லாந்து மருத்துவர் கிளாபரேட் விரலிடையில் மறைத்த ஊசியால் குத்தினார். பின்னர் அவருக்கு அது நினைவில்லை; ஆயினும் கைநீட்ட மறுத்தார். இது 1911-இல் வெளியான செய்தி. 2010-இல் அமெரிக்காவின் ஐயோவாவில், ஹிப்போகாம்பஸ் சிதைந்தோரிடம் நடந்த ஆய்விலும், பார்த்த திரைக்காட்சி மறந்த பின்னும் அது எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் நீடித்தன.

குத்திய வலி தங்குமெனில், பற்றிய கையின் பரிவும் தங்கும் அன்றோ? நம் பெயர் அவர்களிடம் நில்லாது போகலாம். நாம் உடனிருந்த ஆறுதல் சற்று நேரமேனும் நிற்கும். ஆகவே, மீண்டும் செல்வோம்.