இல்லாத ஐந்தாம் வால்வு

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் திராட்சைக்குச் சொட்டுநீர் விடும் கருவிகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுவது என் பிழைப்பு. தோட்டத்தில் நாலு வால்வு என்றால் நிரலிலும் நாலு இடம் கொண்ட ஓர் அரே. எண்கள் 0 முதல் 3 வரை. எத்தனை வால்வை மூடுவது என்பது எஸ்எம்எஸ்-இல் வரும், ஓடும்போதுதான் தெரியும்; லூப் அந்த எண்ணிக்கை வரை போகும். ஓ2 என்ற வேகப்படுத்தும் நிலையில் கம்பைல் செய்தால் சத்தமே இல்லை. அதற்கு மேலான ஓ3 போட்டதும் ஜிசிசி கம்பைலரின் சில பதிப்புகள் கத்தும்: சுட்டெண் 4, அரேயின் எல்லைக்கு வெளியே! நிரல் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு 4 கிடைக்காது.

அந்த 4 கம்பைலர் எழுதியது. வேகத்துக்காக அது லூப்பை விரித்து, உள்ளிருக்கும் வரியை 0, 1, 2, 3 என்று வரிசையாகப் படியெடுக்கிறது. சில சமயம் ஒரு படி கூடிவிடும். எண்ணிக்கை 4-ஐத் தாண்டினால் மட்டுமே அந்தப் படிக்கு வேலை. நாலுக்கு மேல் யாரும் அனுப்புவதில்லை என்ற உறுதி வேறொரு ஃபைலில் இருக்கிறது. கம்பைலர் கண்ணுக்கு அது படாது. ஆக, வார்னிங் காட்டும் வரி நம்முடையது, குற்றச்சாட்டோ நாம் எழுதாத படியின் மேல்.

இந்த வார்னிங்கைப் பொய் என்று தள்ளிவிடலாமா? எல்லை தாண்டிப் படித்தால் என்ன நடக்கும் என்று சி தரநிலை வரையறுக்கவில்லை. அதனால் அப்படி நடக்கவே நடக்காது என்று கம்பைலர் வைத்துக்கொள்கிறது. 2013-இல் வந்த ஜிசிசி 4.8 இந்த நம்பிக்கையை லூப் எண்ணிக்கையிலும் இறுக்கியது. ஸ்பெக் சிபியு 2006 சோதனைத் தொகுப்பின் எச்264ரெஃப் நிரலில், 16 இடமுள்ள அரேயின் அடுத்த இடத்தைப் படித்துவிட்டுத்தான் ‘16-க்குக் குறைவா’ என்று சோதிக்கும் ஒரு லூப் இருந்தது. பதினேழாவது இடத்தைப் படிக்கவே முடியாது, எனவே எண் 16-ஐ எட்டாது, எனவே சோதனை வீண் என்று கம்பைலர் அதைத் தூக்கிவிட்டது. லூப் முடியவே இல்லை. இந்நிரல் இனி சரியாக ஓடாமல் போகலாம் என்று 4.8-இன் வெளியீட்டுக் குறிப்பே பெயர் சொல்லி எச்சரித்தது. கூடவே ஒரு புது வார்னிங்கும் வந்தது. ஆனால் சுற்று எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்த சில லூப்களுக்கு மட்டும்.

கணினியில் நிரல் சுழன்றுகொண்டே இருந்தால் அணைத்துப் போடலாம். தோட்டத்தில் ராத்திரி முழுக்க வால்வு திறந்தே கிடக்கும். வருஷம் பூராவும் எங்காவது திராட்சை அறுக்கும் ஊர் இது. சோதித்துப் பார்க்கவென்று ஓய்வான பருவமும் கிடையாது.

மேக்ஃபைலில் வார்னிங்கை அடைக்கும் ஆப்ஷனைச் சேர்க்கும் முன், ஃபங்ஷனின் தலையில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: எண்ணிக்கை 4-க்கு மேல் வந்தால் 4 என்று வை. பெரும்பாலும் வார்னிங் போய்விடும். எஸ்எம்எஸ் வழியாகத் தப்பான எண் வந்தாலும் கருவி தாங்கும்.